ஞாயிறு வந்தவர் அடுத்த ஞாயிறும் வர: விளையாட்டுத் தளத்தில் எதைப் போடுவது, எந்த வரிசையில் போடுவது

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, புதுவண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் நடக்கும் ஆட்டங்களுக்கென்று நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறோம். புதிதாக எழுத வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள். "என்ன எழுதலாம்ணா?" என்று கேட்பார்கள், பதில் சொல்வதற்குள் முந்தின நாள் சிஎஸ்கே மேட்ச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிடுவார்கள். சேப்பாக்கத்தில் விழும் ஒவ்வொரு விக்கெட்டும் நமக்கு முன்பே வாசகரின் போனுக்குப் போய்விடுகிறது. அதைப் படிக்க அவர் நம்மிடம் வர வேண்டியதில்லை.

கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். எழுதுவது ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஐந்தும் முடியாமல் எழுத உட்கார்ந்தால், நன்றாக எழுதியும் ஆள் தங்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போனில் சட்டென்று திறக்கும் தளம் ஒன்று. அதோடு இணைத்த கூகுள் அனலிடிக்ஸ் (தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது), சர்ச் கன்சோல் (கூகுளில் எதைத் தேடி வந்தார்கள் என்று காட்டுவது). இரண்டுமே இலவசம். ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை, கிரவுண்டில் உங்கள் முகம் தெரிந்த கோச் அல்லது ரெஃபரி ஒருவர்.

இதில் கடைசி ஆள் இல்லாவிட்டால் மற்ற எதுவும் பயன்படாது. மேட்ச் தள்ளிப்போனதை முதலில் அறிபவர் அவர்தான். அவரிடம் பழக்கம் ஏற்படவே ஒரு மாதம் ஆகும், ஆகவே இன்றைக்கே போய் நில்லுங்கள்.

1. எல்லை போடுங்கள்

எந்த இடம், எந்த ஆட்டம், எந்த வயது என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உதாரணம்: "பெரம்பூர் முதல் திருவொற்றியூர் வரை, கால்பந்து, கேரம், குத்துச்சண்டை, பள்ளி அணி முதல் கிளப் அணி வரை."

ஒருவர் மறுபடி வர வேண்டுமானால், இங்கே தனக்கு வேண்டியது கட்டாயம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொடுக்கும் தளம் அந்த நம்பிக்கையைத் தருவதில்லை. மூன்று ஆட்டங்கள் கூட ஆரம்பத்தில் அதிகம். ஒன்றை முழுதாகச் செய்துவிட்டு இரண்டாவதைத் தொடுங்கள்.

பகுதியைக் குறுக்கினால் ஆள் குறையும் என்று பயப்படுவார்கள். நடப்பது வேறு. முல்லை நகர் கிரவுண்டில் ஆடும் ஒரு பையனுக்கு வீட்டில் நான்கு பேர், தெருவில் பத்து பேர், பழைய பள்ளியில் இன்னும் சிலர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியதைத் தருவது வேறு எந்தப் பெரிய தளமும் இல்லை.

2. எழுதும் முன்பே அளவுகோலைச் சரிசெய்யுங்கள்

இது ஒரு மணி நேர வேலை. ஆனால் பெரும்பாலானோர் ஆறு மாதம் கழித்துத்தான் செய்கிறார்கள், அதற்குள் பழைய தகவல் போயிருக்கும்.

கூகுள் அனலிடிக்ஸில், வந்தவர் தகவலை எத்தனை மாதம் வைத்திருப்பது என்று சொல்லும் டேட்டா ரிடென்ஷன் என்ற அமைப்பு முதலில் 2 மாதம் என்றுதான் இருக்கும். உள்ளே போய் 14 மாதமாக மாற்றுங்கள். போன சீசனில் வந்தவர் இந்த சீசனில் வந்தாரா என்று பார்க்க அப்போதுதான் முடியும். அழிந்த தகவல் மறுபடி கிடைக்காது. சர்ச் கன்சோல் 16 மாதம் வைத்திருக்கும். அதில் நாம் மாற்ற ஒன்றுமில்லை.

அடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க் ஒவ்வொன்றின் வாலிலும் யூடிஎம் குறியீடு (அந்த லிங்க் எங்கிருந்து அழுத்தப்பட்டது என்று அனலிடிக்ஸுக்குச் சொல்லும் சில சொற்கள்) சேர்த்து அனுப்புங்கள். சேர்க்காவிட்டால் வாட்ஸ்அப்பிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் 'டைரக்ட்' என்ற ஒரே குவியலில் விழுவார்கள். தானாகத் தேடி வந்தவர் யார், அழைத்ததால் வந்தவர் யார் என்று பிரிக்கவே முடியாது. நமக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

ஒரு எச்சரிக்கை. மறுபடி வந்தவர் கணக்கு, ஆளைப் பார்த்து எண்ணப்படுவதில்லை. போனையும் பிரௌசரையும் பார்த்து எண்ணப்படுகிறது. இன்ஸ்டாகிராம் உள்ளிருந்தே லிங்க்கைத் திறப்பவர், அடுத்த முறை குரோமில் வந்தால் புதியவராகிவிடுவார். எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவின் போனில்தான் மூன்று பேரும் பார்க்கிறார்கள். அதனால் எண்ணை ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. நான்கு ஞாயிறு கேள்விகளை மட்டும் பொறுக்குங்கள்

இந்த நாலு வாரமும் எதுவும் எழுதாதீர்கள். கோடுக்கு வெளியே நின்று, மக்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை அவர்கள் சொல்லிலேயே நோட்டில் இறக்குங்கள். நீங்களாகப் போய் "எங்கள் தளத்தில் என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்காக "பிளேயர் பேட்டி போடுங்க, மோட்டிவேஷனா எழுதுங்க" என்பார்கள். நீங்களும் எழுதுவீர்கள், கேட்டவரே படிக்க மாட்டார்.

என் நோட்டில் ஒரு காலைப் பொழுதில் விழுந்தவை இவை:

"அடுத்த மேட்ச் எத்தன மணிக்கு, இதே கிரவுண்டா?"
"நாம இப்ப எத்தனாவது இடம்?"
"போன வாரம் அந்த கோல் யார் அடிச்சது, பெரிய கார்த்திக்கா சின்ன கார்த்திக்கா?"
"அண்டர் 14 செலக்‌ஷன் எப்போ வெக்கிறாங்க?"
"மழை வந்தா மேட்ச் உண்டா?"

இதில் ஒன்றுகூட செய்திக் கட்டுரையால் தீராது.

சர்ச் கன்சோலில் வரும் தேடல் சொற்களையும் இதே நோட்டில் சேருங்கள். பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தேடுவார்கள். அணி, கிரவுண்ட் பெயர்களைப் பக்கத்தில் ஓரிடத்திலாவது ஆங்கில எழுத்திலும் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் தேடுபவருக்கு நம் பக்கம் சிக்காமல் போகலாம்.

4. ஒவ்வொரு கேள்வியையும் சலித்தெடுங்கள்

நோட்டில் சேர்ந்த கேள்விகள் எல்லாவற்றையும் இந்த மூன்றில் போட்டு அலசுங்கள்.

முதலாவது: இதன் பதில் அடுத்த வாரம் மாறுமா? மாறாத பதிலை ஒருமுறை படித்தால் போதும். இரண்டாவது: மாறியதை வாசகருக்கு வேறு யாராவது நமக்கு முன்னே சொல்லிவிடுவார்களா? மூன்றாவது: எழுதும் ஆளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்திலும் இதைக் கொடுக்க முடியுமா?

மூன்றிலும் தேறுவது மிகக் கொஞ்சமே. புள்ளிப் பட்டியல், அடுத்த ஆட்ட அட்டவணை, வீரர் கணக்கு, தேர்வு முகாம் அறிவிப்பு. இவைதான் தளத்தின் முதுகெலும்பு. முடிந்துபோன ஆட்டம் ஒருமுறை கூட்டிவரும். முடியாமல் நிற்கும் தொடர்தான் மறுபடி கூட்டிவரும்.

சலித்ததில் கீழே விழுந்தவை கெட்டவை என்று பொருளில்லை. வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக் குழுக்களான சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை பற்றி எழுதினால் அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். முகமது அலி 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியதை எழுதினாலும் அப்படித்தான். இரண்டாம் நாள் யாரும் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட கட்டுரையின் அடியில் இந்த மாதம் நடக்கும் குத்துச்சண்டைப் போட்டியின் அட்டவணைக்கு ஒரு வழி வைத்தால், வந்தவரில் சிலராவது தங்குவார்கள்.

2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது இதை நேரிலேயே பார்த்தோம். அந்த வாரம் எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். வந்த பெற்றோரிடம் அடுத்ததாக இருந்த கேள்வி, "எம்பொண்ண எங்க சேக்கிறது?" என்பதுதான். அதற்கான பக்கம் எங்களிடம் தயாராக இல்லை. வந்தவர்கள் போய்விட்டார்கள். பெரிய செய்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் முதுகெலும்புப் பக்கங்கள் முன்பே நிற்க வேண்டும்.

5. அட்டவணையும் பட்டியலும் ஒரே முகவரியில்

அநேகமாக எல்லாரும் செய்யும் தவறு இது. வாரா வாரம் "இந்த வாரப் புள்ளிப் பட்டியல்" என்று புதுப் பதிவு போடுவார்கள். வாட்ஸ்அப்பில் மூன்று வாரத்துக்கு முன் போன லிங்க்கை ஒருவர் இன்று அழுத்துகிறார், பழைய பட்டியல் திறக்கிறது. "இவங்க ஒழுங்கா போடறதில்ல" என்று மூடிவிடுவார். அந்த நபர் திரும்ப மாட்டார்.

பட்டியலுக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி. உள்ளே இருப்பது மட்டும் மாறட்டும். மேலே "கடைசியாக மாற்றியது: ஞாயிறு இரவு 8.40" என்று தெளிவாக இருக்கட்டும். சீசன் முடிந்ததும் அதைப் பிரதி எடுத்து ஆண்டு போட்டுத் தனியாக வையுங்கள். மூல முகவரியில் புது சீசன் தொடங்கட்டும்.

பட்டியலின் அடியில் சமன் வந்தால் எப்படி என்ற விதியை எழுதுங்கள். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி என்றால்தான் சண்டை. இங்கிலாந்து பிரீமியர் லீக் கோல் வித்தியாசத்தை முதலில் பார்க்கிறது. ஸ்பெயினின் லா லிகா அந்த இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடியதை முதலில் பார்க்கிறது. டிவியில் இரண்டையும் பார்த்து வளர்ந்த பையன்கள் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். போட்டி நடத்துபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதையே போடுங்கள். கடைசி இரண்டு வாரம் அந்த ஒரு வரிக்காகவே நாலு தடவை வந்து பார்ப்பார்கள்.

ஆட்டம் தள்ளிப்போனால் அட்டவணையை உடனே திருத்த வேண்டும். மழை, கிரவுண்டில் பொதுக்கூட்டப் பந்தல், கோயில் திருவிழா என்று காரணம் எதுவாகவும் இருக்கும். "தள்ளிவைப்பு, புதுத் தேதி இன்னும் சொல்லவில்லை" என்று எழுதினாலே போதும். எண்ணூரிலிருந்து ஷூவும் பையுமாக பஸ் ஏறப்போகும் ஒரு பையனை ஒருமுறை வீட்டிலேயே நிறுத்திவிட்டீர்களானால், அவன் இனி உங்களைப் பார்க்காமல் கிளம்ப மாட்டான்.

6. இப்போது எழுதுங்கள்: அங்கே நின்றவர் மட்டுமே எழுதக்கூடியதை

ஸ்கோர் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஆட்டக் குறிப்பில் ஸ்கோரை விவரித்துக்கொண்டே போகாதீர்கள். எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று மட்டும் பிடியுங்கள்.

கேரமை எடுத்துக்கொள்ளுங்கள். "25-20, அடுத்த சுற்றுக்கு முன்னேறினார்" என்று எழுதினால் அதில் படிக்க ஒன்றுமில்லை. போர்டு போர்டாகப் போடுங்கள். காய்களை அடுக்கி, ஒருவர் தன் காய் முழுதையும் போட்டு முடிக்கும் வரை ஒரு போர்டு. ஒரு கேம் என்பது 25 புள்ளி அல்லது 8 போர்டு. ஒரு போர்டில் அதிகபட்சம் 12 எடுக்கலாம்: பலகையில் மிஞ்சும் எதிராளியின் 9 காய், ரெட்டுக்கு (சிவப்புக் காய்) 3. நாலு போர்டு முடிந்து 6-20 என்று பின்தங்கி இருக்கிறார் ஒருவர். ஐந்தாவது போர்டில் பிரேக், அதாவது முதல் அடி, அவருடையது. பவுடர் தட்டி, ஸ்ட்ரைக்கரை வைத்து, எதிராளியின் கை பலகைக்கு வரவே விடாமல் ஒன்பது வெள்ளையும் ரெட்டும் உள்ளே. இதற்குப் பெயர் ஒயிட் ஸ்லாம். 18-20. அடுத்த போர்டில் 7 எடுத்து 25-20. இதைப் போர்டு வரிசையில் பார்க்கும் கேரம்காரர் அந்த ஐந்தாவது போர்டைத் தன் மனதில் ஆடிப் பார்ப்பார். அடுத்த வாரமும் வருவார், ஏனென்றால் அவருக்குப் புரியும் மொழியில் சொல்பவர் கிடைத்துவிட்டார்.

22 புள்ளியைத் தொட்டவருக்கு ரெட்டின் 3 சேராது என்பது போன்ற விதிகளைக் குறிப்புக்குள் விளக்காதீர்கள். விதிகளுக்குத் தனிப் பக்கம் ஒன்று வைத்து அங்கே அனுப்புங்கள். தெரிந்தவர் தாண்டிப் போவார், தெரியாதவர் போய்ப் படிப்பார்.

குத்துச்சண்டைக்கு எடைப் பிரிவு, எந்தச் சுற்றில் எப்படி முடிந்தது, அடுத்து யாரோடு என்ற மூன்றும் போதும்.

டிவி கிளிப், ஏஜென்சி படம் எதையும் எடுத்துப் போடாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படத்தை வாசகர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். நீங்கள் போனில் எடுத்த, கொஞ்சம் கலங்கிய கோல் போஸ்ட் படம் வேறெங்கும் கிடைக்காது.

7. பெயர்ப் பக்கங்கள்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்கம்: ஆடிய ஆட்டம், கோல், அணி. மிக நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. மறுபடி வரவைப்பதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை, ஆளை இழக்க வைப்பதிலும் இதுவேதான்.

ஒரு மழை ஞாயிறு. ஸ்கோர் எழுதியவர் நோட்டை மடியில் வைத்து எழுதியிருந்தார். இரண்டாம் பாதிப் பக்கத்தில் நீல மசி ஊறி 7-ம் 1-ம் ஒன்றாகத் தெரிந்தன. போதாததற்கு மாற்று ஆட்டக்காரர் அவசரத்தில் வேறொருவர் ஜெர்சியை மாட்டி இறங்கியிருந்தார். நான் ஊகித்து கோலை எஸ். கார்த்திக் பெயரில் போட்டேன். அடித்தது கே. கார்த்திக். திங்கள் காலை அவன் அப்பா கூப்பிட்டார். கோபமே இல்லை. "சார், பையன் ராத்திரி முழுக்க போனத் தொறந்து தொறந்து பாத்துன்னு இருந்தான்" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து இதைத்தான் செய்கிறோம்:

கிரவுண்டை விட்டுக் கிளம்பும் முன் ஸ்கோர் தாளைப் படம் எடுப்பது. கோல் அடித்தவர் பெயரை இரண்டு கேப்டனிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. இனிஷியல் இல்லாமல் எந்தப் பெயரையும் ஏற்றாதிருப்பது. சந்தேகம் என்றால் "உறுதி செய்யப்படுகிறது" என்று போட்டுவிட்டு மறுநாள் திருத்துவது. திருத்தினால் அதை மறைக்காமல் அடியில் தேதியோடு எழுதுவது.

பெயரின் எழுத்தை அந்த வீட்டார் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதுங்கள். நீங்கள் சரி என்று நினைக்கும் தமிழ் எழுத்து அவர்கள் ரேஷன் கார்டில் இருக்காது.

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவின் சம்மதம் எழுத்தில் வாங்காமல் படமும் பக்கமும் போடாதீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. பள்ளி, தெரு, பயிற்சி நேரம் மூன்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஒரு பெண் பிள்ளை தினமும் எத்தனை மணிக்கு எந்த வழியில் நடந்து போகிறாள் என்று ஊருக்கே சொல்வதற்குச் சமம் அது.

8. நேரத்தைக் குறித்துவிட்டு மாறாதிருங்கள்

ஞாயிறு இரவு 9 மணிக்குப் பட்டியல், வியாழன் மாலை அடுத்த வார அட்டவணை. இரண்டே நேரம் போதும். "முடிந்ததும் போடுவோம்" என்றால் வாசகர் இரண்டு தரம் வந்து ஏமாந்து, மூன்றாம் தரம் வர மாட்டார்.

ஆண்டுக் காலண்டரையும் முன்பே போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எங்கள் பக்கத் தாழ்வான கிரவுண்டுகளில் தண்ணீர் நிற்கும். மார்ச், ஏப்ரலில் பரீட்சை, அதோடு ஐபிஎல். புதியவர்கள் இந்த மாதங்களில் கைக்குக் கிடைத்ததை எழுதி நிரப்புவார்கள். அப்போது கூரைக்குள் நடக்கும் கேரமையும் குத்துச்சண்டையையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மழை மாதத்தில், போன சீசனில் விட்டுப்போன இனிஷியல்களைக் கோச்சுகளிடம் உட்கார்ந்து சரிபாருங்கள். மே மாதக் கோடை முகாம் பட்டியலை ஏப்ரலிலேயே ஏற்றிவிடுங்கள், பெற்றோர் அப்போதே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

9. கூப்பிடுவதற்கு ஒரே வழி

வாட்ஸ்அப் சேனல் ஒன்று வைத்து, சொன்ன இரண்டு நேரத்தில் மட்டும் அனுப்புங்கள். தள்ளிவைப்பு அறிவிப்புக்கு மட்டும் விதிவிலக்கு. தெருக் குரூப்புகளில் தினமும் லிங்க் கொட்டினால் பெரியவர்கள் எரிச்சலாகி வெளியேற்றிவிடுவார்கள். இந்தப் படியை ஐந்தாவதுக்கு முன்னால் செய்தவர்கள் உண்டு. அழைத்து வந்து காட்ட உள்ளே எதுவும் இல்லாததால், சேர்ந்தவர்கள் சேனலை மியூட் செய்துவிட்டார்கள்.

பந்தய ஆப் விளம்பரம் கேட்டு யாராவது வருவார்கள், பணமும் நன்றாகத் தருவார்கள். வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. நம் பக்கத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள்.

10. எட்டு வாரம் கழித்து எதை நிறுத்துவது

அனலிடிக்ஸின் எக்ஸ்ப்ளோர் பகுதியில் கோஹார்ட் என்ற பார்வையைத் திறங்கள். ஒரே வாரத்தில் முதன்முதலாக வந்தவர்களை ஒரு கூட்டமாக வைத்து, அடுத்தடுத்த வாரங்களில் அவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அது காட்டும். மொத்தப் பார்வை எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வைரல் வாரம் அதை ஏமாற்றிவிடும். எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்காதீர்கள்; இரண்டு ஞாயிறு மழையில் போனாலே கணக்கு சாய்ந்துவிடும்.

அதன்பின் ஒவ்வொரு கூட்டத்தையும், முதலில் எந்தப் பக்கத்தில் வந்து இறங்கினார்கள் என்று பிரித்துப் பாருங்கள். பட்டியலில் இறங்கியவர்கள் திரும்பி, பேட்டியில் இறங்கியவர்கள் திரும்பவில்லை என்றால், பேட்டிக்குப் போகும் சனிக்கிழமையைப் பட்டியலுக்குக் கொடுங்கள். எழுதியவருக்கு மனசு கஷ்டப்படும். அவரிடம் எண்ணைக் காட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், போனில் சொல்லாதீர்கள்.

நிறுத்திய பகுதியின் பழைய பக்கங்களை அழிக்க வேண்டாம். மேலே "இந்தப் பகுதி இனி வராது, இந்த வார அட்டவணை இங்கே" என்று ஒரு வரியும் லிங்க்கும் போட்டு விடுங்கள். அந்தப் பேட்டியில் இருக்கும் பையனின் அம்மா அதை யாருக்காவது காட்ட இன்னும் சில வருடம் திறந்துகொண்டிருப்பார்.